தகரக் கொட்டகையில் நாற்பத்து மூன்று

ஜூன் 16, திங்கள்

இது ஏழாம் வகுப்பில் மிச்சமான கணக்கு நோட்டு. முதல் பதினோரு பக்கங்களில் பின்னங்கள் இருக்கின்றன. அவற்றைக் கிழிக்கவில்லை. இனி நடப்பதை, நடந்தபடி மட்டும் எழுதப்போகிறேன்.

நடந்தது: மதியம் இரண்டு இருபதுக்கு பேச்சிசெல்வி பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். என் பக்கத்து இடம் அவளுடையது. பழைய கட்டடத்தில் விரிசல் விட்டதால் எட்டாம் வகுப்பை மைதானத்து ஓரத் தகரக் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். சுவரும் தகரம், கூரையும் தகரம். மின்விசிறி ஒன்று. அது சுடுகாற்றைச் சுற்றிவிடுகிறது.

விழுந்தவளின் கை இரண்டு முறை வெட்டி இழுத்தது. யாரோ "வலிப்பு!" என்று கத்தினார்கள். தலைமையாசிரியை குளோரி டீச்சர் ஓடிவந்து, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி பேச்சியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஒரு நிமிஷத்தில் அவளே கண் திறந்தாள்.

"காலையில சாப்பிட்டாளா இவ? சாப்பிடாம வந்து உயிர வாங்குதுங்க."

மதியம் என்னோடுதான் சாப்பிட்டாள். முட்டையையும் தின்றாள். அதைச் சொன்னேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "என்னட்டி, அப்படியே கொண்டு வந்திருக்க? சொமக்கதுக்கா குடுத்து விடுதேன்?" என்றாள். மறந்துவிட்டேன் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

பேச்சி வரவில்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கொம்பையா மாமா உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"வலிப்புள்ள பிள்ளய எப்படிம்மா தனியா விட? நாளையிலருந்து அவ அம்மாகூட உப்பளத்துக்கு வரட்டும். கண்ணு முன்னால கெடப்பா."

"மாமா, அது வலிப்பு இல்ல. கொட்டகைச் சூடு."

"சூடா!" அவர் சிரித்தார். "உப்பளத்துல இல்லாத சூடாட்டி ஒங்க பள்ளிக்கூடத்துல கெடக்கு?"

"எவ்வளவு சூடுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒனக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரியாது. "அளந்து சொல்லுதேன்" என்றேன். ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வருவாராம், அன்றே டி.சி. வாங்கிவிடுவாராம். அதற்குள் அளந்தால் அளக்கலாமாம். அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். நான் தேதியை எழுதிக்கொண்டேன்.

பேச்சி கதவுக்குப் பின்னால் நின்றாள். என்னிடம் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போய்விட்டாள்.

ஜூன் 18, புதன்

ஆய்வுக்கூட பீரோவில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டேன்.

"ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்க பொருள் அது. ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் குளோரி டீச்சர். அறிவியலும் அவர்தான் எடுக்கிறார். "கண்காட்சிக்கு எரிமலை செய். புகை வர்ற மாதிரி. அழகா இருக்கும்."

எரிமலை நம் ஊரில் இல்லை. தகரக் கொட்டகை இருக்கிறது. இதை அங்கே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பாடப் புத்தகத்தில், பாட்டிலில் வண்ண நீர் ஊற்றிக் குழாய் செருகிய படம் இருக்கிறது. சூடு பட்டால் நீர் விரிந்து குழாயில் ஏறும். ஆனால் அதில் டிகிரி இல்லை. டிகிரி இல்லாமல் கொம்பையா மாமாவிடம் போக முடியாது.

ஜூன் 19, வியாழன்

சேர்த்தவை: முப்பது மில்லி இருமல் மருந்து பாட்டில், கண்ணாடி. செவிலியர் ஸ்டெல்லா அக்கா கொடுத்த, தேதி முடிந்த பாக்கெட்டிலிருந்த குளுக்கோஸ் டியூப். அவரிடமே வாங்கிய ஸ்பிரிட். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. எம்சீல். மர ஸ்கேல் ஒன்று. தண்ணீரைத் தேட வேண்டியிருக்கவில்லை, பள்ளிப் பாட்டிலில் முழுதாக இருந்தது.

தண்ணீரும் ஸ்பிரிட்டும் பாதிக்குப் பாதி. மூடியில் ஆணியால் துளையிட்டு, டியூபைச் செருகி, எம்சீலால் அடைத்து, ஸ்கேலோடு நூலால் கட்டினேன்.

"வலிப்பு பாத்தா எப்படிக்கா இருக்கும்?" என்று ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். "நான் பாக்கலியே, நீதான பாத்த. ஒரு நிமிஷத்துல எந்திரிச்சான்னா வெறும் மயக்கமாத்தான் இருக்கும். மயக்கத்துலயும் கை வெட்டும்" என்றார். இதைக் கொம்பையா மாமாவிடம் சொன்னேன். "நர்ஸம்மா பாக்கலல்லா" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

ஒழுகிவிட்டது. ஸ்கேல் முழுக்கச் சிவப்பு. மறுபடி அடைத்தேன்.

இரவு அடிவயிற்றில் எரிச்சல். சாப்பாட்டுக் காரமாக இருக்கும்.

ஜூன் 21, சனி

இன்று அளவு குறித்தேன். உருகும் பனிக்கட்டி என்றால் பூஜ்ஜியம். அம்மா மீன் விற்றுவிட்டு வந்த தெர்மகோல் பெட்டியில் ஐஸ் மிச்சம் கிடந்தது. அதை அள்ளிக் குண்டானில் போட்டு பாட்டிலைப் புதைத்தேன். சிவப்பு சரசரவென்று இறங்கி, மூடிக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. கோடு போட்டேன். கையெல்லாம் சாளை மீன் வாடை.

பிறகு ஸ்டெல்லா அக்காவிடம் போய், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பச்சைத் தண்ணீரில் வைத்து, 37 காட்டும்வரை வெந்நீர் கலந்தோம். அதில் என் பாட்டிலை வைத்தேன். சிவப்பு ஏறியது. அங்கே இரண்டாவது கோடு.

இரண்டு கோட்டுக்கும் நடுவே 14.8 சென்டிமீட்டர். 37 பங்கு போட்டால் ஒரு டிகிரிக்கு 4 மில்லிமீட்டர். மிச்சமில்லாமல் வகுபட்டது! இப்படி வகுபட்டால் சரியாகத்தான் இருக்கும்.

"ஏட்டி, புளி டப்பாவ எலி திங்குதா? போன வாரந்தான ரொப்பி வச்சேன்" என்றாள் அம்மா. எலியாக இருக்கலாம்.

ஜூன் 23, திங்கள்

கொட்டகை, என் பெஞ்சின் மேல், மதியம் 2.15: 40.

கரும்பலகையின் மூலையில் எழுதினேன். முதல் பெஞ்ச் விக்டோ, "இருமல் மருந்து சயின்டிஸ்ட் வந்தாச்சி, எல்லாரும் ஒரு மூடி குடிங்கலே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாளைக்கும் எழுதுவேன்.

ஜூன் 24, செவ்வாய்

41. வேப்பமரத்தடியில் 36. அப்படியென்றால் ஐந்து டிகிரி கூரையின் வேலை.

ஜூன் 25, புதன்

41. இன்று விக்டோவே 2.15 ஆனதும், "ஏ ஜெரின், மணியாச்சி" என்றான்.

ஜூன் 26, வியாழன்

42.

எழுத்து சாய்வாக இருக்கிறது. பேனா சரியில்லை. தலைவலி.

ஜூன் 27, வெள்ளி

வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். கரும்பலகை மூலையில் நான்கு நாள் அளவுகளைப் பார்த்து, "இது என்ன நம்பர்?" என்று கேட்டார். எழுந்து சொன்னேன். அவர் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனதும் குளோரி டீச்சர் கரும்பலகையை அழித்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"இருமல் மருந்து பாட்டில வச்சி எம் பள்ளிக்கூடத்துப் பேரக் கெடுக்கிறியா? யாரு இதச் சரின்னு சொன்னா?"

"நீங்க சொல்லுங்க டீச்சர். ஒங்க தெர்மாமீட்டரப் பக்கத்துல வச்சிப் பாருங்க."

டீச்சர் பாட்டிலோடு போய், அதை ஆய்வுக்கூட பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அளவுகள் இந்த நோட்டில் இருக்கின்றன. இதை அழிக்க முடியாது.

ஜூன் 28, சனி

அதிகாலையில் அம்மாவுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ். அம்மா பக்கத்துச் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி கல்லுப்பை அள்ளி ஐஸ் மேல் விசிறினாள்.

"எதுக்கும்மா உப்பு?"

"என்ன புதுசா கேக்க? உப்புப் போட்டாத்தான குளுரு ஏறும். மீனு மதியம் வர வெறப்பா நிக்கும். மீன்காரி மவளுக்கு இது தெரியாதா?"

தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பார்த்ததை யோசிக்கவில்லை. உப்புப் போட்ட ஐஸ் பூஜ்ஜியத்தைவிடக் குளிர்ச்சி. அதில்தான் என் பூஜ்ஜியக் கோட்டைப் போட்டேன்.

என் பூஜ்ஜியம் தப்பு. அப்படியென்றால் எல்லாமே தப்பு. உண்மையான பூஜ்ஜியம் அதற்கு மேலே இருக்கும். நான் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போனேன். என் அளவு தப்பென்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஜூன் 30, திங்கள்

டீச்சர் அறைக்குப் போய், "என் தெர்மாமீட்டர் தப்பு டீச்சர். திருத்தணும். குடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒத்துக்கிட்டேல்ல?"

"தப்ப ஒத்துக்கிட்டேன். சூட்ட இல்ல."

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல தர்றேன். எல்லார் முன்னாடியும் தப்புன்னு நீயே சொல்லு."

சொல்வேன். புது அளவில் முப்பத்தாறு வந்தால் முப்பத்தாறு என்றே சொல்வேன். அப்புறம் கொம்பையா மாமா டி.சி. கேட்பார். அதற்கு மேல் யோசிக்க வரவில்லை.

ஜூலை 2, புதன்

மாலை உப்பளத்துக்குப் போனேன். பேச்சி வரப்பில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்திருந்தது. ஆனால் தெளிவாக இருந்தாள்.

"நாள் பூரா வெயிலுதான். ஆனா மயக்கமே வரலட்டி. பெண்டுக எல்லாம் அரமணிக்கு ஒருக்க குடிக்காவ, எனக்கும் தாராவ. அந்தா உடைமரம் தெரியுதுல்ல, அதுக்குப் பொறத்தால சேந்து போயிட்டு வருவோம்."

நான் அவள் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி ஜெரின், அந்தப் புளி விஷயத்த நோட்டுல எழுதுனியா?"

"இல்ல."

"எழுதலன்னா எப்படி? எல்லாத்தையும் எழுதணும்னு நீதான சொன்ன."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எனக்கும் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

ஜூலை 4, வெள்ளி

இரவு சாப்பிட்டாயிற்று. பாத்திரமும் கழுவியாயிற்று. இப்போது முழுதாக எழுதுகிறேன்.

கூட்டம் இரண்டு மணிக்கு எங்கள் கொட்டகையிலேயே நடந்தது. வேறு இடம் இல்லை. பெற்றோர் நாற்பது பேர் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள், நாங்கள் சுவர் ஓரம் நின்றோம். அவரவர் பை அவரவர் காலடியில். கொம்பையா மாமா கடைசி பெஞ்ச். பேச்சி அவர் பக்கத்தில். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா ஒரு தூக்குவாளியோடு வந்திருந்தாள்.

குளோரி டீச்சர் வருகைப்பதிவு, சீருடை எல்லாம் பேசி முடித்துவிட்டு, பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பிள்ளை ஒரு வாரமா கொட்டகை கொதிக்குதுன்னு எழுதி வச்சிது. இப்ப அதுவே ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

நான் போய் நின்று, பூஜ்ஜியம், மீன் பெட்டி, உப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. அம்மா எழுந்துவிட்டாள்.

"உப்புப் போட்டது நானு. எம்பிள்ள பொய் சொல்லல. இந்தா, கம்பெனி ஐஸு, நல்ல தண்ணியில கழுவிக் கொண்டாந்திருக்கேன். இப்பக் குறிக்கட்டும், எல்லாரும் பாருங்க."

தூக்குவாளி ஐஸில் பாட்டிலைப் புதைத்தேன். சிவப்பு இறங்கியது. பழைய கோட்டைத் தொடவில்லை. அதற்கு இரண்டு சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிட்டது. விக்டோவைக் கூப்பிட்டு ஸ்கேலைப் பார்க்கச் சொன்னேன். "ரெண்டுதான்" என்றான்.

கரும்பலகையில் கணக்குப் போட்டேன். 37-இன் கோடு மாறவில்லை. அது காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்துக் குறித்தது. இப்போது இரண்டு கோட்டுக்கும் நடுவே 12.8 சென்டிமீட்டர்தான். 37-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு மூன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது டிகிரிகள் முன்பைவிடச் சின்னவை. போன வாரம் வியாழக்கிழமை சிவப்பு 37-க்கு மேல் 20 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. பழைய கணக்கில் அது ஐந்து டிகிரி. புதுக் கணக்கில்...

சாக்பீஸ் கையில் நின்றுவிட்டது. இன்னொருமுறை வகுத்தேன்.

"என்னம்மா, எவ்வளவு கொறஞ்சிருக்கு?" என்றார் டீச்சர்.

"கொறயல டீச்சர். கூடிருக்கு. முப்பத்தேழுக்குக் கீழதான் நான் கூட்டிச் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல கொறச்சிச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு நாப்பத்திரண்டு இல்ல. நாப்பத்திரண்டு புள்ளி எட்டு. நாப்பத்து மூணுன்னே வச்சிக்கலாம்."

கொட்டகை அதிர்ந்தது. யாரோ விசிலே அடித்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் அப்போதுதான் தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

குளோரி டீச்சர் கையை உயர்த்தினார். "சரி. சூடுன்னே வச்சிக்குவோம். வகுப்புல முப்பத்தோரு பேர் இருக்கீங்க. சூட்டுல விழுந்தா எல்லாரும்தானே விழணும்? ஒருத்திதானே விழுந்தா?"

நல்ல கேள்வி. பதினெட்டு நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான். கடைசி பெஞ்சில் கொம்பையா மாமா தலையை ஆட்டினார். அவர் மடியில் டி.சி. விண்ணப்பம் மடித்து இருந்தது.

பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அன்னைக்குக் காலையிலருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல டீச்சர். நான்தான் சொல்லிக் குடுத்தேன்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "காலையில குடிக்காம வந்தா நாலு மணி வர தாங்கும். தாகமெடுத்தா புளி உருண்டைய வாயில அடக்கிக்கணும். எச்சில் ஊறும். நான் போன வருஷத்துலருந்து செய்யுதேன். அவ அன்னைக்குத்தான் மொத தடவ."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

"ஏன் குடிக்கல?" டீச்சர் மெதுவாகத்தான் கேட்டார். பதில் அவருக்குத் தெரியும் என்று அந்த மெதுவிலேயே தெரிந்தது.

"குடிச்சாப் போகணும்லா டீச்சர். ஒரு கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கெடயாது. அது மைதானத்தப் பாத்து இருக்கு. இன்னொண்ணு பூட்டிக் கெடக்கு. ஆய்வுக்கு ஆள் வந்தாத்தான் தெறக்கீய."

ஆண்களும் இருக்கும் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டேன். காது சுட்டது. எத்தனை டிகிரி என்று தெரியாது.

சுவர் ஓரத்திலிருந்து மரிய ஷைனி பையைத் திறந்து தன் பாட்டிலை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். நிறைந்த பாட்டில். பிறகு சண்முகக்கனி. பிறகு ஒவ்வொருத்தியாக. பேசாமல் வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள். மணி மூன்று. பதினாறு பெண்கள், பதினாறு பாட்டில். இரண்டில் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் என்னுடையதையும் வைத்தேன். நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். புளி இல்லாமல் இவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று தெரியவில்லை.

"பூட்டலேன்னா நாசமாப் போகும்" என்றார் டீச்சர். "கழுவ ஆள் கெடயாது, குழாயில தண்ணி கெடயாது. நாலு வருஷமா எழுதிக்கிட்டே இருக்கேன். கூரைக்கும் எழுதினேன். யாரு கேக்கிறாங்க?"

அவர் குரல் உடைந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அளவுத் தாளை நீட்டினேன்.

"அதோட இதையும் சேத்து அனுப்புங்க டீச்சர். திருத்தின கணக்கு."

அப்போதுதான் கொம்பையா மாமா எழுந்தார். பெரிய கூட்டத்தில் பேசிப் பழகாதவர். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எம்பிள்ள விழுந்தப்ப ஒரு சாவிக்கொத்த அவ கையில குடுத்தீயளாமே. அதுல இந்தக் கக்கூஸு சாவியும் கெடந்துச்சா?"

டீச்சர் இடுப்பில் கைவைத்து, சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் விரித்து, ஒரு சாவியைக் கழற்றினார். மேசைமேல், பாட்டில்களுக்கு நடுவில் வைத்தார்.

கொம்பையா மாமா மடியிலிருந்த தாளை எடுத்தார். அதை நான்காக மடித்து, காற்று வரட்டும் என்று விசிறிக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று பள்ளி இல்லை. அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டு மணிக்கொரு தடவை செம்பை நீட்டினாள், குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஸ்டெல்லா அக்காவிடமும் கூட்டிப் போனாள். வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை தந்தார். காரம் இல்லையாம் காரணம், தண்ணீர் குடிக்காததுதானாம்.

இன்று பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூடினார்கள். கூரையில் ஓலை போடலாம் என்று ஒருவர் சொன்னார். "ஓலை பேச்சே கூடாது. தீப்பிடிக்கும்" என்றார் குளோரி டீச்சர். அதில் அவர் சொன்னது சரி.

"அப்ப வெள்ளையடிங்க" என்றார் கொம்பையா மாமா. "அம்பாரத்து உப்பு மேல உச்சி வெயில்ல கை வச்சிப் பாருங்க, சுடாது. பக்கத்துல கெடக்க மம்மட்டி சுட்டுப்போடும். வெள்ளையில சூடு நிக்காது."

சுண்ணாம்பு நீற்றி, ஏணி வைத்து, கூரை முழுக்க இரண்டு பூச்சு. அனுமதிக் கடிதம் வரட்டும் என்றார் டீச்சர். "வரும்போது வரட்டும் டீச்சரம்மா, வந்தா காய்ஞ்சிருக்கும்" என்று கூரை மேலிருந்து மாமாவின் பதில் வந்தது. பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து கக்கூஸைக் கழுவினார்கள். விக்டோவின் அப்பா தாழ்ப்பாள் அடித்தார். இனிப் பூட்டு இல்லாததால் சாவி வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எங்கள் வகுப்பில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

பேச்சி வந்தாள். உட்கார்ந்ததும் என் பென்சில் டப்பாவைத் திறந்து புளி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

மதியம் 2.15. வேப்பமரத்தடி 36. கொட்டகை 39. சூடுதான். ஆனால் நாற்பத்து மூன்று இல்லை.

தண்ணீர்: பேச்சி ஒன்றரை பாட்டில். நான் ஒன்று. இருவரும் இரண்டு முறை போய் வந்தோம். இதற்கும் ஒரு பத்தி பிரித்திருக்கிறேன். இனி தினமும் எழுதுவேன்.

கரும்பலகை மூலையில் 39 என்று எழுதிக்கொண்டிருந்தபோது குளோரி டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் இத எழுதணுமா?"

"ஆமா டீச்சர்."

அவர் உள்ளே வந்து டஸ்டரைக் கையில் எடுத்தார். நான் நகரவில்லை. பலகை முழுவதையும் அழித்தார், காலையில் நடந்த இலக்கணம், வரலாறு எல்லாவற்றையும். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.